கீழ்வரிசையில் மூன்றாவது இடம்

உங்கள் மேசை கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கிறது. தவறாக நினைக்க வேண்டாம். யாரோ தேநீர்க் கோப்பையை வைத்து எடுத்திருக்கிறார்கள், வட்டமாகத் தடம் தெரிகிறது. என் பையில் பஞ்சும் ஸ்பிரிட்டும் எப்போதும் இருக்கும், நானே துடைத்துவிடுகிறேன். அந்த அட்டையின் பக்கம் போகமாட்டேன். அது நீங்கள் வைத்த இடத்திலேயே இருக்கட்டும்.

பதினாறு வருடங்களாகச் சிறப்புக் குழந்தைகளின் வகுப்பை நடத்தி வருகிறேன். அந்த வேலையென்றதும் மக்களுக்கு ஒரு நினைப்பு இருக்கிறது. பொறுமையின் சிகரம், இரண்டாவது தாய் என்று ஏதேதோ சொல்வார்கள். வகுப்பைப் பார்க்க வருகிறவர்கள் வாசலிலேயே கண் கலங்கிவிடுவார்கள். கண்ணீரும் ஈரம்தான், நான் ஒரு காகிதத் துண்டை எடுத்து நீட்டுவேன். உண்மையில் இந்த வேலையில் பாதி, துடைப்பது. எச்சில், மூக்கு, கசிந்த தண்ணீர்ப் பாட்டில், மென்று ஊறிப்போன சட்டைக் காலர். மதியத்துக்குமேல் தரைப்பாயிலிருந்து ஒரு நெடி கிளம்பும். எந்தச் சோப்பும் அதைப் போக்காது. முதல் வருடம் தினமும் இடைவேளையில் வாந்தி எடுத்தேன். யாரிடமும் சொன்னதில்லை. பிறகு பழகிவிட்டது என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், வாந்தி நின்றதே தவிர அருவருப்பு நிற்கவில்லை. அது உள்ளே ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டது.

என் வகுப்பில் உதவிக்கு ஓர் அம்மாள் உண்டு. குழந்தைகளைக் கழிப்பறைக்கு அழைத்துப்போவது, ஊட்டுவது, உடை மாற்றுவது எல்லாம் அவர்தான். பள்ளியில் எல்லாரும் ஆயாம்மா என்று கூப்பிடுவோம். நான் கை கழுவுவதைப் பார்த்து அவர் சிரிப்பார்.

"டீச்சர் கை கழுவுற தண்ணிய சேத்து வெச்சா ஒரு தெருவே குளிக்கலாம்."

அவர் கழுவமாட்டார். குழந்தையின் வாயைத் தன் கைக்குட்டையால் துடைத்து, அதே கைக்குட்டையால் தன் நெற்றி வேர்வையையும் துடைத்துக்கொள்வார். அதைப் பார்க்காமல் இருப்பதற்காகவே நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்காரக் கற்றுக்கொண்டேன்.

எனக்கு அமைதி வேண்டும். வீட்டில் நானும் என் அக்காவும்தான். சாப்பிடும்போது பேசிக்கொள்ளமாட்டோம். சண்டை ஒன்றும் கிடையாது. அவள் ஒரு புத்தகம், நான் ஒரு புத்தகம். அந்த அமைதியை நான் வகுப்புக்கும் கொண்டுவந்தேன். ஏழு குழந்தைகள், ஏழு மேசைகள், எல்லாம் சுவரைப் பார்த்தபடி. தலைமையாசிரியை மற்ற ஆசிரியர்களிடம் பெருமையாகச் சொல்வார்: "அவங்க வகுப்புல குண்டூசி விழுந்தாக்கூடக் கேக்கும். போய்ப் பாத்துட்டு வாங்க."

அந்த அமைதியை எப்படிக் கொண்டுவந்தேன் என்று யாரும் கேட்டதில்லை. இந்த விசாரணையில் நீங்கள்தான் முதலில் கேட்கிறீர்கள். அதனால் முறையாகச் சொல்கிறேன்.

என் குழந்தைகளுக்குப் பேச்சு வராது. அவர்கள் பேசுவது அட்டைகளில். ஒவ்வொருவருக்கும் ஒரு கெட்டியான பலகை இருக்கும். அதில் வரிசையாக, ஒட்டவும் பிய்க்கவும் முடிகிற வெல்க்ரோ பட்டைகள். ஒவ்வொரு பட்டையின்மேலும் ஒரு படம்: தண்ணீர், கழிப்பறை, பந்து, அம்மா, வேண்டாம், வலி. எது வேண்டுமோ அதைப் பிய்த்து எதிரிலிருப்பவர் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அது பேச்சு. வாங்கியவர் அதற்குப் பதில் செய்தே ஆக வேண்டும். இதில் ஒரு விதி உண்டு: அட்டையின் இடத்தை மாற்றக்கூடாது. நாம் படத்தைப் பார்க்கிறோம். அவர்களில் பலர் இடத்தைப் பார்க்கிறார்கள். இருட்டில் விளக்குப் பொத்தானைத் தேடாமல் தொடுகிறோம் அல்லவா, அப்படி. புதிதாக வந்த ஆசிரியர்களுக்கு இதைப் பாடமாக எடுத்தவளே நான்தான்.

முதலில் நான் எடுத்தது 'வேண்டாம்' அட்டையை. 'ரேடியோ' என்று நாங்கள் கூப்பிடும் பையன் ஒருவன், நாள் முழுவதும் முனகிக்கொண்டே இருப்பான், ஒரு நாளைக்கு அறுபது தடவை 'வேண்டாம்' கொடுத்தான். எழுத்து வேண்டாம், மணி கோர்ப்பது வேண்டாம், உட்காருவது வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை அதை எடுத்து இழுப்பறையில் வைத்தேன். திங்கள், செவ்வாய் இரண்டு நாள் தலையைச் சுவரில் முட்டினான். புதன்கிழமை உட்கார்ந்து மணி கோர்த்தான். அந்த வாரமே மற்ற ஆறு பலகைகளிலிருந்தும் 'வேண்டாம்' அட்டையை எடுத்துவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. ஒரு பெற்றோர்கூட. பிள்ளை சொன்னபடி கேட்கிறது என்று சந்தோஷப்பட்டார்கள்.

இப்போது சிட்டுவைப் பற்றி.

அது அவள் பெயரில்லை. நடக்காமல் தத்தித் தத்தி வருவதால் ஆயாம்மா வைத்தது. ஒன்பது வயது. ஒல்லி. யாரையும் தொடமாட்டாள், யார் தொட்டாலும் விலகுவாள். கண் எப்போதும் மின்விசிறியில் இருக்கும். கை மட்டும் கீழே பலகையில் அட்டையைத் தேடாமல் எடுக்கும். பார்க்காமலே எடுப்பாள். பலகையில் அவளுக்கு மூன்று வரிசை. கீழ்வரிசையில் மூன்றாவது இடம், வலி.

அந்த அட்டையை அவள் அடிக்கடி கொடுக்க ஆரம்பித்தாள். முதலில் நான் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டேன். நர்ஸ் அறைக்கு அனுப்பினேன். நர்ஸ் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல டீச்சர், இங்க ஃபேன் பெருசா இருக்குல்ல, அதான் வர்றா" என்றார். அது உண்மையாக இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். எங்கள் தொழிலில் அதற்கு ஒரு பெயர் உண்டு, தப்பிக்கும் நடத்தை. வேலையிலிருந்து நழுவுவதற்காகச் செய்வது. அதற்கு மசியக்கூடாது என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. என் பதிவேட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். நீங்கள் படித்திருப்பீர்கள். என் கையெழுத்து தெளிவாக இருக்கும்.

பதிவேட்டில் எழுதாதது ஒன்று இருக்கிறது. மற்ற அட்டைகளைச் சிட்டு காய்ந்தபடி கொடுப்பாள். வலி அட்டையை மட்டும் முதலில் வாயில் வைத்து மூலையைக் கடிப்பாள். கடித்து, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து, பிறகு கொடுப்பாள். அந்த எச்சில் வெதுவெதுப்பாக என் உள்ளங்கையில் ஒட்டும். ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை, இருபது தடவை. நான் கழுவுவேன். வந்து உட்காருவதற்குள் மறுபடியும் கொடுப்பாள். அதோ, உங்கள் மேசைமேல் இருக்கும் அட்டையின் மூலையைப் பாருங்கள். பல் தடம் தெரியும்.

அதனால்தான் எடுத்தேன். பாடமுறை, நடத்தை, ஆய்வு எல்லாம் பிறகு வந்தவை. கை நனைகிறது என்பதற்காக எடுத்தேன். இழுப்பறையில் வைக்கக்கூட மனம் வரவில்லை. இரண்டு விரலால் பிடித்துக் குப்பைக்கூடையில் போட்டேன்.

அடுத்த நாள் சிட்டுவின் கை பழக்கமாக மூன்றாவது இடத்துக்குப் போனது. அங்கே வெறும் வெல்க்ரோ. அவள் மேலே மின்விசிறியைப் பார்த்தபடியே அந்த இடத்தை அமுக்கினாள். மறுபடியும் அமுக்கினாள். பிறகு நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள். அந்தச் சத்தம் வகுப்பு முழுவதும் கேட்டது. மூன்றாம் நாள் ஆயாம்மா அவள் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தார். சிட்டு அவரை மட்டும் கொஞ்சம் தொட விடுவாள்.

"நகத்துல ரத்தம் வந்துருச்சு டீச்சர். அந்தப் பழைய அட்டையக் குடுத்துருங்களேன். பாவம், அது இல்லாம தவிக்குது."

"அத எடுத்தது அவ நல்லதுக்குத்தான்."

"எனக்கென்னமோ..."

"படிச்சது நீங்களா நானா ஆயாம்மா?"

அவர் சிட்டுவின் விரலுக்கு மருந்து வைத்துக் கட்டினார். அன்றைக்கே அவர் என் குப்பைக்கூடையைக் கிளறியிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது.

நகச் சத்தத்தை நிறுத்த வேண்டியிருந்தது. மேல்வரிசையின் கடைசியில் 'நன்றி' என்று ஓர் அட்டை சும்மா கிடந்தது. கும்பிடும் கைகள் வரைந்தது. எந்தக் குழந்தையும் அதை எடுத்ததில்லை, பார்வையாளர்களுக்காக வைத்திருப்பது. அதை எடுத்து மூன்றாவது இடத்தில் ஒட்டினேன்.

அன்று பத்தரை மணிக்குச் சிட்டு அதைப் பிய்த்து என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள்.

எங்கள் வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு. யாராவது புதிதாக ஓர் அட்டையைக் கொடுத்தால் எல்லாரும் கைதட்டுவோம்; கொடுத்தவர் நெற்றியில் ஒரு நட்சத்திரம் ஒட்டுவோம். தட்டத் தெரிந்த குழந்தைகள் தட்டினார்கள். ரேடியோ முனகிக்கொண்டே தட்டினான். நான் "சந்தோஷம் சிட்டு" என்று சொல்லி நட்சத்திரம் ஒட்டினேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள். போகவில்லை. பிறகு அட்டையை மறுபடி எடுத்துக் கொடுத்தாள். மறுபடி தட்டினோம்.

தலைமையாசிரியை வந்து பார்த்தார். அடுத்த வாரம் வெளியிலிருந்து நாலு பேரைக் கூட்டிவந்து காட்டினார். "நன்றி சொல்றது ரொம்பக் கஷ்டமான விஷயம், தெரியுமா? அது உணர்வு. அத எப்படிச் சொல்லிக் குடுத்தீங்க?" என்று அவர்களில் ஒருவர் என்னைக் கேட்டார். பொறுமை வேண்டும் என்றேன்.

சிட்டுவின் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தையல் கடையில் வேலை செய்கிறவர். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளிகள். பலகை தினமும் பையில் வீட்டுக்குப் போய்த் திரும்பும், அதனால் வீட்டிலும் அதுவேதான் அவள் பேச்சு. அதற்கடுத்த திங்கட்கிழமை காலை கேட்டருகே என் கையைப் பிடித்துக்கொண்டார். ஈரமான கை. விடுவித்துக்கொள்ள முடியவில்லை.

"டீச்சர், நேத்து லீவு நாளு முழுக்க வீட்டுல நன்றி, நன்றி, நன்றிதான். முப்பது தடவ இருக்கும். சாப்பாட்டத் தொடவே இல்ல, அத மட்டும் குடுத்துக்கிட்டே இருந்தா. நான் அழுதுட்டேன். அவங்கப்பா இருந்தா பாத்திருப்பாரு. ஒம்போது வருசமா ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன் டீச்சர்."

"சாப்பிடலயா?"

"சந்தோஷத்துல பசி தெரியலபோல."

"இருக்கும்," என்றேன்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எப்போது தெரியும் என்று கேட்டீர்கள். போன விசாரணையில், குழந்தை இறந்த பிறகுதான் யோசித்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். அது சரியில்லை. முதல் நாள் பத்தரை மணிக்கே தெரியும். அந்த நன்றி அட்டையின் மூலை ஈரமாக இருந்தது. அவள் வேறெந்த அட்டையையும் கடித்ததில்லை. என் மனத்துக்கு முன்னால் என் கைக்குத் தெரிந்துவிட்டது. அருவருப்பு பொய் சொல்லாது. வலிக்கிறது என்று அந்தப் பெண் சொல்கிறாள், நாங்கள் கைதட்டுகிறோம் என்று தெரிந்தேதான் தட்டினேன். அடுத்த நாள் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அதற்குள் தலைமையாசிரியை வந்துவிட்டார். பிறகு அந்த நாலு பேர். பிறகு அந்த அம்மா. ஒருவருக்குப் பின் ஒருவராகச் சந்தோஷப்பட்டுக்கொண்டே போனால் நடுவில் எங்கே நிறுத்துவது?

அந்தக் கடைசி வாரத்தின் கணக்கு பதிவேட்டில் இருக்கிறது. திங்கள் ஒன்பது. செவ்வாய் பதினான்கு. புதன் இருபத்திரண்டு. வியாழன் மதியம் மூன்று மணிவரை முப்பத்தொன்று. மொத்தம் எழுபத்தாறு. 'தானாக முன்வந்து சமூகத் தொடர்பு, வேகமான முன்னேற்றம்' என்று எதிரே எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் தட்டினோம். வியாழக்கிழமை அவள் நெற்றியில் இடமில்லாமல் கன்னத்தில் ஒட்டினேன். காய்ச்சலில் பசை நிற்கவில்லை. நட்சத்திரங்கள் உதிர்ந்து பாயில் கிடந்தன.

அன்று அவள் உட்காரவில்லை. முழங்காலை மடித்துப் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. ஆயாம்மா கரண்டியால் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார், வழிந்தது. பக்கத்தில் பச்சையாக வாந்தி. அதன் வாசனைக்கு நான் ஜன்னலைத் திறந்து அங்கேயே நின்றுகொண்டேன்.

"டீச்சர், கொஞ்சம் வந்து தொட்டுப் பாருங்க. வயிறு பலகை மாதிரி இருக்கு."

"அவங்கம்மா மூணு மணிக்கு வருவாங்கல்ல."

"அதுவரைக்கும் தாங்குமா? பிள்ள முகமே சரியில்ல. நர்ஸக் கூப்பிடட்டா?"

"மொதல்ல அத சுத்தம் பண்ணுங்க ஆயாம்மா. எனக்குக் குமட்டுது."

அவர் என்னைப் பார்த்தார். பதினொரு வருடம் என்னோடு வேலை செய்தவர். அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. பிறகு குனிந்து சுத்தம் செய்தார். நர்ஸ் அறைக்கு அவரே போனார். நர்ஸ் அன்று விடுமுறை.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் சிட்டு எழுந்து என்னிடம் வந்தாள். தத்தவில்லை. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அட்டையை என் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு யாரையும் தொடாத அந்தப் பெண், தன் இரண்டு கையாலும் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, அட்டையின்மேல் மூடி, அப்படியே பிடித்துக்கொண்டாள். கண் மின்விசிறியில் இல்லை. என் முகத்தில் இருந்தது. பதினாறு வருடத்தில் எந்தக் குழந்தையும் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. நான் கைதட்ட வேண்டும், ஆனால் கையை அவள் விடவில்லை. அவள் அம்மா வந்து பிரித்தார். நான் அட்டையைப் பலகையில் ஒட்டிக் கொடுத்தேன், அவர் அவளைத் தூக்கிக்கொண்டு போனார். நான் கை கழுவினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை அந்த அம்மா சொல்லித்தான் தெரியும். வாந்தியைப் பார்த்துவிட்டு நேரே மருத்துவமனைக்குத்தான் போயிருக்கிறார். டாக்டர் "எங்க வலிக்குது, சொல்லு பாப்போம்" என்று கேட்டதும் அம்மா பலகையை நீட்டியிருக்கிறார். சிட்டு மூன்றாவது இடத்திலிருந்து பிய்த்து அவர் கையில் வைத்திருக்கிறாள்.

"டாக்டர் சிரிச்சிட்டாரு டீச்சர். 'எனக்கா நன்றி? இன்னும் ஊசியே போடலியே பாப்பா'ன்னாரு. வலியில இருக்கிற புள்ள நன்றி சொல்லுமா, வாந்திக்கு மருந்து தர்றேன், காலைல கூட்டிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாரு."

காலையில் கூட்டிக்கொண்டு போனபோது குடல்வால் வெடித்து நாளாகிவிட்டது என்றார்களாம். மதியம் இறந்துவிட்டாள்.

பத்து நாள் கழித்து அந்த அம்மா பள்ளிக்கு வந்தார். நன்றி அட்டையைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்க வந்தார். சிட்டுவின் படத்துக்குக் கீழே ஒட்டிவைத்திருக்கிறாராம். "என் புள்ள கடைசியா சொன்ன வார்த்தை டீச்சர். அத நீங்கதான் குடுத்தீங்க," என்று சொல்லி என் கால்பக்கம் குனிந்தார். நான் பின்னால் நகர்ந்தேன். ஆயாம்மா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள்தான் அவர் இந்த வலி அட்டையை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். இவ்வளவு நாள் தன் சாப்பாட்டுப் பையில் வைத்திருந்தாராம். கழுவாமல். சாப்பாட்டுப் பையில்.

நான் எதையும் மறுக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள். வலி என்ற அட்டையை எடுத்து எறிந்தது நான். அந்த இடத்தில் நன்றியை ஒட்டியது நான். அவள் என்ன சொல்கிறாள் என்று தெரிந்தும் கைதட்டியது நான், மற்றக் குழந்தைகளைத் தட்டவைத்ததும் நான். ஒரு குழந்தை செத்துப்போகும் என்று நினைக்கவில்லை என்று சொல்லலாம். உண்மையில் அவள் என்ன ஆவாள் என்றே நான் நினைக்கவில்லை. என் கையைப் பற்றித்தான் நினைத்தேன். இப்போதெல்லாம் சாப்பிடும்போது கை வாய்க்கு அருகில் வந்ததும் நின்றுவிடுகிறது. கழுவிக் கழுவித் தோல் உரிந்துவிட்டது, பாருங்கள். ஆனாலும் அந்த ஈரம் போகவில்லை. அக்கா புத்தகத்துக்கு மேலாக என்னைப் பார்க்கிறாள்.

அந்த அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். அவரிடம் நீங்கள் சொல்வீர்கள், சொல்ல வேண்டியதுதான் உங்கள் வேலை. அந்த எழுபத்தாறும் என்ன என்று, வீட்டில் கொடுத்ததெல்லாம் என்ன என்று.

ஒரே ஒரு திருத்தம். வியாழக்கிழமை மூன்று மணிக்கு என் கையை மூடிப் பிடித்தாளே, அந்தக் கடைசி அட்டை. அம்மா பிரித்ததும், பலகையில் ஒட்டுவதற்காகக் கையை விரித்துப் பார்த்தேன். ஈரமே இல்லை. அவள் அதைக் கடிக்கவில்லை. மூலை காய்ந்திருந்தது. வலியை அவள் ஒருநாளும் காய்ந்தபடி கொடுத்ததில்லை. ஆகவே அது ஒன்றாவது எனக்கு அவள் உண்மையாகவே சொன்ன நன்றி. நீங்கள் எழுதும்போது எழுபத்தாறு என்று எழுதாதீர்கள். எழுபத்தைந்து.